சுவர்ணமுகிக் கரையில் சென்னை வானொலி

நாயுடுபேட்டையில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சென்னை தொலைவன்று. காலையில் இரயிலேறினால் நண்பகலுக்குள் சென்று சேரலாம். எனினும் 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபின் அது மற்றொரு மாநிலத்தின் தலைநகராயிற்று. நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு பயின்றனர். புதிய எல்லையைப் பொருட்படுத்தாது நாள்தோறும் நம் இல்லம் புகுந்தது சென்னை வானொலியே. பகலில் நிலத்தை ஒட்டி வரும் மத்திய அலை, இரவில் வானின் மேலடுக்கில் பட்டு மீண்டு நெடுந்தொலைவு செல்லும். ஆதலால் இரவில் திருச்சியும் மெல்லக் கேட்கும்.

அந்நிலையத்தின் தொடக்கம் எளியது. 1924 மே 16இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் சென்னையில் வானொலிக் கழகம் ஒன்றை நிறுவினார்; சூலைத் திங்களில் ஒலிபரப்புத் தொடங்கிற்று. பொருள்முடையால் 1927இல் அது நின்றது. மாநகராட்சி அக்கருவிகளைப் பெற்று 1930இல் மீண்டும் தொடங்கியது. 1938 சூன் 16 முதல் அகில இந்திய வானொலியின் நிலையம் இயங்கிற்று.

இங்கே ஒன்றை நாம் மறத்தலாகாது. விசயவாடா நிலையம் 1948 டிசம்பரில் பிறக்கும் வரை தெலுங்கு மக்களுக்கும் சென்னையே வானொலி. 1947 ஆகஸ்டு விடுதலை நாளில் அங்கே டி. கே. பட்டம்மாள் பாரதியின் பாடல்களைப் பாடினார். பாலாந்திரபு ரஜனீகாந்த ராவின் தெலுங்குப் பாடலை டங்குடூரி சூரியகுமாரி பாடினார். நம் அண்டை வீட்டாரோடு நமக்குள்ள உறவுக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

பின்னர் வந்தது ஒரு பிணக்கு. 1952இல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரையிசையை வானொலியினின்று விலக்க முற்பட்டார். நேயர்கள் வாதிடவில்லை, முள்ளைத் திருப்பிக் கொழும்பில் நிறுத்தினர்! மயில்வாகனனின் விரைந்த பேச்சும், விரும்பிக் கேட்டோர் பெயரையும் ஊரையும் படிக்கும் முறையும் அவர்களைக் கட்டிப்போட்டன. 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி தோன்றியதற்கு இவ்விடப்பெயர்ச்சியே பெருங்காரணம்.

உரிமக் கட்டணச் சிறுபுத்தகத்தைப் பெட்டியில் பூட்டிப் பேணிய காலம் அது. மார்கழி விடியலில் திருப்பாவை ஒலிக்கும்போது பெட்டிக்கருகே எவரும் உரக்கப் பேசார். தில்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிக்கும் நேரமோ நம் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் வகுப்பு. அவர் பெயரையும் தொடக்க வரியையும் அவ்வாறே சொல்லிப் பார்ப்பர். லகர ளகர ழகர வேறுபாட்டை அவர்தம் செவி கற்றது அங்கேதான். தமிழ் எழுத்தறியாமல் வளர்ந்தவரும் இன்று பிழையின்றித் தமிழ் பேசுவதை நாம் காண்கிறோம்.

2022 ஆகஸ்டில் அவ்வம்மையார் மறைந்த செய்தி கைப்பேசி வழியே நமக்கு எட்டியது. ஒருநாளும் நேரிற் கண்டிராத அவருக்காக வீட்டுப் பெரியவர்கள் கண்கலங்கினர். பேரப்பிள்ளைகள் காரணம் கேட்டனர். அவர் வாசித்த முறையைப் பாட்டிமார் தம் குரலிலேயே பேசிக் காட்டினர்.