கந்தையும் கலிங்கமும்

உடையின் வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் பட்டினையும் மெல்லிய பருத்தியாடையினையும் பற்றியே பக்கம் பக்கமாக எழுதிச் செல்வர். அப்பட்டுப் பழம்பட்டாகி, அச்சேலை கிழிசேலையாகிய பின்னர் அதற்கு யாது நேர்ந்தது என்று வினவுவார் மிகச் சிலரே. மனையகத்துப் பெண்டிர் கைபட்டுப் பழந்துணி புதுப்பொருளாகிய வரலாற்றையே ஈண்டுச் சுருங்கக் கூறக் கருதுகின்றேன். இதனை எழுதத் தூண்டியது என் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி. அதன்கண் பிழை என்னுடையதே ஆதலின், மறையாது முதற்கண் அதனைக் கூறிவிடுகின்றேன்.

தீர்த்தகிரீசுவரர் எழுந்தருளியுள்ள மலையின் அடிவாரத்தில் எங்கள் வீடு உளது. சென்ற போகிக்கு முதல்நாள் வீட்டைத் துப்புரவு செய்தபோது, பரணிலிருந்து இறங்கிய பழங்கந்தைப் போர்வை ஒன்றை எரிக்கவேண்டிய குவியலில் இடுமாறு என் மகளுக்கு யானே சொன்னேன். எழுபதாண்டு கடந்த என் தாயார் ஒன்றும் பேசாது எழுந்துசென்று அதனை எடுத்து வந்து மடிமேல் விரித்துக்கொண்டார். பேர்த்தியை அருகழைத்து, “இந்த நீலம் உன் தாத்தா அரூர்ச் சந்தையில் வாங்கிவந்த சேலை, இந்த வெள்ளை அவர் வேட்டி, இந்தக் கட்டம் போட்டது உன் அப்பனுக்குத் தூளி கட்டின துணி” என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பின்னர் என்னை நோக்கி, “பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாயே கண்ணு, துணி கொடுத்த ராசா அதில் இருக்கிறார். கந்தலைத் தைத்தவள் இருக்கிறாளா?” என்றார். யான் விடை கூற அறியாது நின்றேன்.

அன்றிரவே பழைய நூல்களைப் புரட்டலானேன். முதற்கண் நினைவிற்கு வந்தது நம் தகடூர் நாட்டைப் பற்றிய செய்தியே. தகடூர் என்பது இன்றைய தருமபுரி என்பதை யாவரும் அறிவர். ஆங்கு ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது புறநானூற்றில் 392ஆம் பாட்டாக உளது. பனி பொழியும் விடியற்காலத்தில் அவன் நெடுவாயிலில் நின்று கிணைப்பறை கொட்டிப் பாடியவரின் இடையிலிருந்த துணி, ஊரார் நீருண்ணும் கேணியில் படர்ந்த பாசியின் வேர்போல நைந்து கிடந்ததாம். எழினி அதனை நீக்கி, நேரிய கரையமைந்த நுண்ணூற் கலிங்கத்தை உடுப்பித்தான் என்பது அப்பாட்டின் செய்தி. கொடுத்த கை ஆங்கே புகழ்பெற்று விளங்குகின்றது. தைத்த கையைக் காணேன்.

அடுத்துப் பொருநராற்றுப்படையை எடுத்தேன். கரிகாற்பெருவளத்தானை முடத்தாமக்கண்ணியார் பாடிய அந்நூலிலும் பொருநன் ஒருவன் தான் உடுத்திருந்த கந்தையின் நிலையைக் கூறுகின்றான். ஈரும் பேனும் குடியிருந்து, வியர்வையால் நனைந்து, வேறு இழை ஊடே நுழைந்து தைக்கப்பட்ட துணி அது. அரசன் அதனைக் களைவித்துப் பாம்பின் தோல்போல் நுண்ணிய பூந்துகிலை உடுப்பித்தான். தையலுக்குத் துன்னல் என்றும் கந்தைக்குச் சிதார் என்றும் பெயருண்மையை அப்பகுதியால் அறிகின்றோம். இருபதாண்டாக யான் மாணாக்கர்க்கு இப்பகுதியைக் கற்பித்து வருகின்றேன். வேற்றிழை நுழைந்தமையை வறுமையின் அடையாளம் என்று மட்டுமே உரைத்து வந்தேன். இழை தானே நுழையுமோ? நுழைத்த ஒரு கை இருந்திருத்தல் வேண்டுமன்றோ? என் தாயார் வினாவிற்கு விடை அவ்வொரு சொல்லிலேயே மறைந்து கிடந்ததை அன்றுதான் கண்டேன்.

இவ்வாறு துன்னும் தொழில் நகரங்களிலும் மதிப்புடன் நடைபெற்றமைக்குச் சிலப்பதிகாரம் சான்று. இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துமிடத்து, பொற்கொல்லரை அடுத்துத் துன்னகாரரை வைக்கின்றார். கிழியாகிய துணியினாலும் கிடையாகிய நெட்டியினாலும் பலவகைப் பொருள் செய்வாரையும் அவ்வரிசையிலேயே கூறுகின்றார். ஆகவே துணித்துண்டினைக் கொண்டு புதுப்பொருள் ஆக்கும் கைத்தொழில் நமக்குப் புதிதன்று.

பௌத்த சமயத்தார் இதனை ஓர் ஒழுக்கமாகவே கொண்டனர். எறியப்பட்ட துணிகளைப் பொறுக்கித் துவைத்து இணைத்த ஆடையைத் துறவிகள் உடுத்தனர். மகதநாட்டு வயல்களின் வரப்பு ஒழுங்கைக் கண்டு அவ்வொழுங்கிலேயே ஆனந்தர் துண்டுகளை இணைக்கச் செய்தார் என்பது விநயபிடகச் செய்தி. கோசாம்பி அரசன் உதயணன் அவரை நோக்கி, இத்தனை ஆடைகளையும் யாது செய்வீர் என்று வினவியதும் அந்நூலிலேயே உளது. புத்தாடை வந்தபின் பழையது விரிப்பாகும். விரிப்பு நைந்தால் மெத்தையுறையாகும். பின்னர்த் தரைவிரிப்பாகவும், கால்மிதியாகவும், தூசு துடைக்கும் துணியாகவும் ஆகி, முடிவில் மண்ணொடு பிசைந்து தரை மெழுகப் பயன்படும் என்று ஆனந்தர் விடையிறுத்தார். ஓர் இழையும் வீண்போகாமை கண்டு அரசன் மகிழ்ந்தான்.

கந்தை என்னும் நம் சொல், வடமொழியில் கந்தா என வழங்குவதனோடு உறவுடையது. வங்கநாட்டார் காந்தா என்று அதே பெயரால் வழங்கும் போர்வைகளின் புகழ் இன்று உலகெங்கும் பரவியுளது. பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக்கரையினின்று உருவிய வண்ண நூலாலேயே நுண்தையலிட்டு, தாமரையும் யானையும் தேரும் தோன்றச் செய்வர் அந்நாட்டுப் பெண்டிர். குருசதய தத்தர் (1882–1941) என்னும் அரசாங்க அதிகாரி ஊரூராகச் சென்று அவற்றைத் தொகுத்தார். அவர் பெயரால் கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் பொருட்காட்சிசாலை ஒன்று அமைந்தது. மகாராட்டிரத்தார் கோதடி என்றும் கன்னடத்தார் கவுதி என்றும் இத்தகைய போர்வைகளை வழங்குவர். நம் ஊர்ப் போர்வைகளைத் தொகுத்து வைத்தாரை யான் கண்டிலேன். அவற்றைப் பரணிலும் போகித் தீயிலுமே கண்டிருக்கின்றேன்.

செல்வமுடைய தேசத்தாரும் தட்டுப்பாடு வந்த காலத்து இவ்வழிக்கே திரும்பினர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனில் 1941 ஜூன் முதல் துணிக்குப் பங்கீடு வந்தது. உள்ள துணியைத் தைத்துச் செப்பனிட்டு உடுக்குமாறு 1943இல் அவ்வரசாங்கமே துண்டு நூல் அச்சிட்டு மக்கட்கு அறிவுறுத்தியது. அதே 1943இல் நம் நாட்டிலும் பருத்தித்துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது.

இவ்வளவு கூறியதனால் வறுமையை யான் புகழ்கின்றேன் என்று எவரும் எண்ணற்க. நைந்த துணியைக் களைந்து கலிங்கம் உடுத்த ஔவையாரின் மகிழ்ச்சி மெய்யானது. மாற்றுடை இல்லாத ஏழை ஒருவர்க்குக் கந்தையின் பெருமையை எடுத்தோதுதல் கொடுமையேயாம். அவர்க்குப் புத்தாடை கொடுத்தலே அறம். ஆயினும் இன்று நம்மவருட் பலர் வீட்டில் துணிக்குப் பஞ்சமில்லை; பஞ்சம் வந்திருப்பது கைத்திறனுக்கே. மேலும், முன்னாளில் எரித்தது பருத்தி. இந்நாளில் எரிப்பதிற் பெரும்பகுதி பெட்ரோலியத்திற் பிறந்த பாலியெஸ்டர். அதன் புகை நுரையீரலுக்குப் பகை. 2018 ஜனவரி 13ஆம் நாள் போகிப் புகையும் பனிமூட்டமும் ஒன்றுகூடிச் சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தையே தடைசெய்தமை பலர்க்கு நினைவிருக்கும்.

என் தாயார் என் மகளுக்குக் கற்பித்த முறையை ஈண்டுக் குறிக்கின்றேன். பலகால் துவைத்து மென்மையுற்ற பருத்தித் துணியே போர்வைக்கு ஏற்றது. அது வியர்வையை உறிஞ்சும். நன்கு துவைத்து வெயிலில் உலர்த்துக. உறுதியான இரு சேலைகளை மேலுங்கீழும் வைத்து, கிழிந்த துண்டுகளை இடையே சுருக்கமின்றிப் பரப்புக. முதலில் நடுவினின்று ஓரம்நோக்கி நீண்ட தையலிட்டு நிறுத்தி, பின்னர் விரலிடை விட்டு வரிவரியாக ஓட்டுத்தையல் இடுக. இறுதியில் நான்கு ஓரத்தையும் கரைத்துணியால் மடித்துத் தைக்க. எஞ்சிய துண்டுகள் பையாகவும் கால்மிதியாகவும் தலையணையுறையாகவும் ஆகும்.

ஆதலின் சங்கத்துக் குடும்பத்தாரை யான் வேண்டுவது இதுவே. வரும் போகிக்கு முன் பரணைத் திறக்கும்போது, துணியைக் குவியலில் இடுமுன் வீட்டிலுள்ள மூதாட்டியிடம் ஒருமுறை காட்டுங்கள். அது யாருடைய சேலை, எந்த ஆண்டு வாங்கியது, யார் தைத்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அரசர் வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் நிற்கும். நம் தாய்மார் வரலாறு நிற்பது அத்தையலில். எங்கள் போர்வையில் விட்டுப்போன ஓரிடத்தை என் மகள் சென்ற மாதம் தன் பழைய பாவாடைத் துண்டினால் அடைத்துத் தைத்திருக்கின்றாள். வேற்றிழை மீண்டும் நுழைந்தது. இம்முறை நுழைத்த கையை யான் அறிவேன்.