வீடு கட்ட யாரிடம் அனுமதி கேட்பது? கடியப்பட்டணம் போன்ற ஊராட்சிகளுக்கான சட்டக் குறிப்பு

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில், முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையே கடலை ஒட்டி அமைந்த மீனவ ஊர் கடியப்பட்டணம். வள்ளியாறு கடலில் கலப்பதும் இவ்வூரின் அருகேதான். ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நீளமுள்ள இம்மாவட்டக் கடற்கரையில் இத்தகைய ஊர்கள் 40-க்கும் மேல் உள்ளன. கடற்கரையில் மீனவர்களும், சற்று உள்ளே தலித் குடியிருப்புகளும் இரண்டு, மூன்று சென்ட் மனைகளில் நெருக்கமாக வாழ்கின்றனர். இவ்விரு மக்களும் வீடு கட்ட அனுமதி கோரும்போது ஒரே கேள்வியை எதிர்கொள்கின்றனர்: "இந்த மண் உன்னுடையது என்பதற்கு என்ன சான்று?" கட்டட அனுமதி என்பது செங்கல்லையும் சிமெண்டையும் பற்றிய விதி மட்டுமன்று, நிலம் மறுக்கப்பட்ட வரலாறு தாளில் திரும்பி வரும் இடமும் அதுவே. ஆகவே சட்டம் என்ன சொல்கிறது, எங்கே தடுக்கிறது, எப்படி எதிர்கொள்வது என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

அனுமதி வழங்கும் அதிகாரம்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, அதன்கீழ் வந்த ஊராட்சிக் கட்டட விதிகள் 1997, மாநிலம் முழுமைக்குமான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 ஆகியவையே அடிப்படை. சிறிய வீடுகளுக்கு அனுமதி வழங்குவது ஊராட்சி நிர்வாகம். கன்னியாகுமரி உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதன்பின் ஊராட்சித் தலைவரின் அதிகாரம் தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலரிடம் சென்றது. இட ஒதுக்கீட்டில் வென்ற தலித் தலைவரிடம் நேரில் முறையிடும் வாய்ப்பும் அத்துடன் போயிற்று.

2024 ஜூலை 22 அன்று தமிழ்நாடு அரசு சுயசான்று முறையை அறிமுகப்படுத்தியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமோ தரைத்தளமும் முதல்தளமுமோ கொண்ட குடியிருப்பு கட்டுவோர் இணையவழியில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டிய தல ஆய்வு இல்லை; கட்டி முடித்த பின் பணிநிறைவுச் சான்றும் தேவையில்லை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், மூன்று சென்ட் மனை சுமார் 1,307 சதுர அடிதான். பரப்பளவைப் பொறுத்தவரை நம் மக்களின் மனைகளில் மிகப் பெரும்பாலானவை இம்முறைக்குள் அடங்கும். ஆனால் சுயசான்று நில உரிமையை உண்டாக்காது. கடலோரச் சட்டத்தையும் நீக்காது. தவறான விவரத்துக்கு விண்ணப்பதாரரே பொறுப்பு. அலுவலகத்தில் இருந்த தடை ஆவணத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

முதல் தடை: பட்டா

கிராம நத்தம் அரசுக்குச் சொந்தமான புறம்போக்கு அன்று. அங்கு வீடு கட்டி வாழ்பவருக்கே அது உரியது என்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் 1998-இல் தில்லைவனம் வழக்கில் உறுதிசெய்தது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் – கொச்சியில் இருந்தது. தண்டப்பேர், புரையிடம் போன்ற அந்நாட்டு நிலவரிச் சொற்கள் பழைய ஆவணங்களில் இன்றும் நிற்கின்றன. பழைய ஆவணத்தின் அளவை எண்ணும் இன்றைய புல எண்ணும் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

தலித் குடியிருப்புகளின் நிலை வேறு. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கென நிலம் எடுக்க 1978-இல் தனிச் சட்டமே (1978-ஆம் ஆண்டின் 31-ஆம் சட்டம்) இயற்றப்பட்டது. அவ்வாறு எடுத்த நிலத்தில் மனைப்பட்டா கையில் தரப்பட்டிருக்கும். ஆனால் உட்பிரிவு செய்யப்படாமல், கிராமக் கணக்கிலும் இணையப் பதிவிலும் பெயர் ஏறாமல் இருப்பதுண்டு. பட்டா பெற்ற தாய் இறந்தபின் வாரிசுப் பெயருக்கு மாற்றப்படாத மனைகளும் உண்டு. 2025 ஏப்ரலில், 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆயினும் அதே ஆவணத்தில் குடியிருப்பவரின் பெயரை ஏற்றுவதே அதைவிட அவசரமான திருத்தம்.

இரண்டாம் தடை: கடலோர ஒழுங்காற்று மண்டலம்

கடியப்பட்டணம் போன்ற ஊரில் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வீடு கட்டுவோரை இச்சட்டம் தொடும். 1991, 2011, 2019 என மூன்று அறிவிக்கைகள் வந்துள்ளன. 2011 அறிவிக்கைப்படி ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் வளர்ச்சியற்ற பகுதி. எனினும் மூன்று பாதுகாப்புகள் அதில் உள்ளன.

ஒன்று, ஏற்கெனவே அனுமதியுடன் உள்ள வீட்டை, தரைப்பரப்பு மிகாமல் பழுதுபார்க்கவும் மீளக் கட்டவும் தடையில்லை. இரண்டு, 100 முதல் 200 மீட்டருக்குள் மீனவர் உள்ளிட்ட மரபுவழிக் கடலோர மக்களின் குடியிருப்புகளை, மாநில அரசு வகுக்கும் திட்டத்தின்படி அனுமதிக்கலாம். மூன்று, 1991 அறிவிக்கையின்கீழ் அனுமதி பெறாத அம்மக்களின் வீடுகளை, வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, பிறருக்கு விற்கக்கூடாது என்னும் நிபந்தனைகளுடன் முறைப்படுத்த வேண்டும். 200 முதல் 500 மீட்டர் வரை, 9 மீட்டர் உயரத்துக்கு மிகாமல் இரண்டு தளம் கட்டலாம்.

2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில் வளர்ச்சியற்ற பகுதியை 50 மீட்டராகச் சுருக்கியது. 300 சதுர மீட்டர் வரையிலான சொந்தக் குடியிருப்புக்கு உள்ளாட்சியே அனுமதி தரலாம் என்றும் கூறியது. ஆனால் அதன்கீழ் மாநிலத்தின் கடலோர மேலாண்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கும்வரை 2011 அறிவிக்கையே செல்லும். எனவே தம் ஊருக்கு எந்த வரைபடம் நடப்பில் உள்ளது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். வள்ளியாற்றின் கழிமுகம் போல அலையேற்றம் உள்ள ஆற்றோரமும் இச்சட்டத்துக்குள் வரும்.

ஒன்றைச் சுட்டிக்காட்டியாக வேண்டும். மீனவரின் கூடுதல் அறைக்கு அளவுகோல் வைக்கும் இதே அறிவிக்கை, வேறெங்கும் கிடைக்காத அரிய கனிமங்களைத் தோண்டுவதற்கு விலக்கு அளிக்கிறது. பக்கத்து ஊரான மணவாளக்குறிச்சியில் இயங்கும் நடுவண் அரசின் அருமணல் ஆலையை அறிந்தவர்களுக்கு இந்த முரண் புரியும்.

மூன்றாம் தடை: சாதி

ஆவணங்கள் சரியாக இருந்தும் "இந்தத் தெருவில் கட்டக்கூடாது", "இவ்வழியாக மணல் வண்டி வரக்கூடாது" என்னும் எதிர்ப்புகள் எழுந்தால் அது குற்றம். பட்டியல் சாதியினரின் நில, மனை உரிமையில் தலையிடுவதை 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எஃப்), 3(1)(ஜி) ஆகியவை தண்டிக்கின்றன. இவை 2015 திருத்தத்தால் விரிவாக்கப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ளன.

இம்மாவட்டத்தில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, கிறித்தவம் தழுவிய தலித்துகளைப் பட்டியலிலிருந்து விலக்குகிறது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர்கள் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். ஆகவே அதே தெருவில், அதே அவமதிப்புக்கு ஆளானாலும் வன்கொடுமைச் சட்டம் அவர்களுக்குத் துணை வராது.

அவர்கள் நாட வேண்டியது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். தீண்டாமையின் அடிப்படையில் எந்த ஒருவரையும், எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ வாங்கவோ வசிக்கவோ விடாமல் தடுப்பதை அதன் நான்காம் பிரிவு வெளிப்படையாகக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், அச்செயல் தீண்டாமையால் நிகழ்ந்ததென நீதிமன்றமே அனுமானிக்கும் (பிரிவு 12). தலித் கிறித்தவருக்கு அந்த அனுமானம் கிட்டாது. மெய்ப்பிக்கும் சுமை அவர்மீதே விழும். எனவே சாதிப்பெயர் சொல்லித் தடுத்த நாள், நேரம், சாட்சிகள் ஆகியவற்றை உடனுக்குடன் எழுதி வைப்பது இன்றியமையாதது.

இன்னொரு எச்சரிக்கை: பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு 1997 விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் முன் ஒப்புதல் தேவை. வீட்டுக்கான அனுமதியில் ஜெபக்கூடம் கட்டினால், அதையே காரணமாக்கி வேலையை நிறுத்த இடமுண்டு.

செய்ய வேண்டியவை

1. பட்டா, கிராம 'அ' பதிவேடு, புலப்படம், வில்லங்கச் சான்று ஆகிய நான்கிலும் பெயரும் பரப்பும் புல எண்ணும் ஒத்துள்ளனவா எனப் பாருங்கள்.

2. ஒப்படைப்புப் பட்டாவாயின் அதன் பின்பக்க நிபந்தனைகளை முழுமையாகப் படியுங்கள்.

3. பெயர் ஏறாவிடில், அனுமதிக்கு முன்பே வட்டாட்சியரிடமும் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியரிடமும் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

4. மறுப்பை வாய்மொழியாக ஏற்காதீர்கள். எந்த விதியின்கீழ் மறுப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கோருங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

5. ஒருவராகச் செல்லாமல் தெருவாகச் செல்லுங்கள். ஒரே நில எடுப்பில் வந்த மனைகளின் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஓர் உட்பிரிவு ஆணை பலரின் சிக்கலைத் தீர்க்கும்.

2024-25-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் 8 இலட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டுள்ளது. நடுவண் அரசின் ஊரக வீட்டுவசதித் திட்டமோ இலக்கில் 60 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்குகிறது. இரண்டிலும் வீடு எழும்ப முதலில் மனை வேண்டும். கணக்கில் பெயர் ஏற்றும் முகாம்களை ஒவ்வொரு தலித் குடியிருப்பிலும் நடத்துவது, மீனவ ஊர்களின் பழைய வீடுகளை அறிவிக்கை சொல்கிறபடி முறைப்படுத்துவது, 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்குவது ஆகிய மூன்றையும் அரசுகளிடம் கோருகிறோம். இம்மூன்றும் நடந்தால்தான் உடனடி அனுமதி என்பது நம் மக்களுக்கும் உடனடியாகும்.