மாடி ஏறும் வித்யா: இளையோர் நாவலில் ஊர்திரும்பலும் தோழமையும்

மும்பைத் தமிழரைப் பற்றிய புனைகதையில் பயணம் பெரும்பாலும் ஒரே திசையில் நடக்கிறது. ஊரில் வேலை கிடைக்காத இளைஞன் ரயிலேறி பம்பாய்க்கு வருகிறான். நாஞ்சில் நாடனின் 'மிதவை' (1986) இதற்குத் தக்க சான்று. பத்மா வெங்கட்ராமன் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளைம்பிங் தி ஸ்டேர்ஸ்' (2008) இந்தத் திசையைத் திருப்பிவிடுகிறது. பம்பாயில் வளர்ந்த பதினைந்து வயது வித்யா சென்னைக்குப் போகிறாள். சொந்தக்காரர்களிடம் திரும்புவதே ஒரு பெண்ணுக்குப் பெரும் இடப்பெயர்வு ஆகலாம் என்பதும், அங்கே அவளைத் தாங்குவது உறவின் எண்ணிக்கை அல்ல, அவளே தேடிக்கொண்ட தோழமை என்பதும் இந்நாவலின் மையம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

கதை 1941இல் தொடங்குகிறது. வித்யாவின் அப்பா மருத்துவர், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். போலீஸ் தடியடியில் தலையில் அடிபட்டு அவருடைய மூளை பாதிக்கப்படுகிறது. குடும்பம் சென்னையில் தாத்தாவின் பிராமணக் கூட்டுக்குடும்ப வீட்டை அண்டி வாழ வேண்டியதாகிறது. அங்கே மாடி ஆண்களுக்கு, கீழ்த்தளம் பெண்களுக்கு. நூலகம் மாடியில் இருக்கிறது.

நாவலின் வாதம் இந்த வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. பம்பாயில் நான்கு பேரோடு நிறைந்திருந்த வாழ்க்கை, பெரியம்மாவின் ஏச்சும் அடுக்களை வேலையுமாகச் சுருங்குகிறது. வீட்டில் ஆட்கள் பெருகியிருக்கிறார்கள். மனம்விட்டுப் பேச ஆளில்லை. அகிம்சையில் ஊறிய குடும்பத்தின் மகன் கிட்டா பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேரத் துணியும்போது அண்ணன் தங்கை பாசத்திலும் விரிசல் விழுகிறது. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அந்தப் படையில் சேர்ந்த இந்தியர் சுமார் 25 லட்சம். கிட்டாவின் முடிவு பல வீடுகளில் எழுந்த கேள்விதான். தாத்தாவின் அனுமதியோடு வித்யா படியேறுகிறாள். நூலகத்தில் ராமன் என்ற இளைஞனோடு ஏற்படும் பழக்கம் புத்தகங்களின் வழியே வளர்ந்து காதலாகிறது. அப்போதும் அவள் தன் படிப்பை விட்டுக்கொடுப்பதில்லை.

இந்தப் பிடிவாதத்துக்கு நகரப் பின்னணி உண்டு. பம்பாயின் மாட்டுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் உருவானது. பம்பாய்த் தமிழ் நடுத்தர வர்க்கம் கல்வியைத் தன் முதலீடாகக் கருதிய காலம் அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நூலகம் உள்ள பிராமண வீட்டில்தானே இந்த விடுதலை சாத்தியம்? நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்து தாராவியில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு ஏறிப்போக ஏது மாடி? மறுப்பு நியாயமானது. இதற்குப் பதில் அதே ஆசிரியரின் 'தி பிரிட்ஜ் ஹோம்' (2019) நாவலில் இருக்கிறது. அடிக்கும் அப்பாவிடமிருந்து தப்பியோடும் விஜியும் ருக்குவும், முத்து, அருள் என்ற சிறுவர்களோடு பாழடைந்த பாலத்தில் தங்கி, குப்பை பொறுக்கிப் பிழைக்கிறார்கள். நட்பே அவர்களுக்குக் குடும்பமாகிறது.

இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது வேறுபாடு துலங்குகிறது. வித்யாவின் தோழமைக்குத் தாத்தாவின் அனுமதி தேவைப்பட்டது. பாலத்துப் பிள்ளைகளுக்கு அனுமதி தரவும் ஆளில்லை, காக்கவும் ஆளில்லை. ருக்கு காய்ச்சலில் இறக்கிறாள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, கோடை விடுமுறையில் மட்டும் ஊரைப் பார்க்கும் தாராவி, செம்பூர்ப் பிள்ளைகளைப் பற்றித் தமிழில் இளையோர் நாவல் எழுதுபவர் இந்த இரு நிலைகளுக்கும் இடைப்பட்ட வாழ்க்கையைத்தான் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். அங்கே நட்புக்கு இடம் தருவது யார், அதற்கான விலையைக் கொடுப்பது யார் என்பதே ஆய்வாளரும் கேட்க வேண்டிய கேள்வி.