பவளக்குன்றில் ஒரு பென்சில் சீட்டு: நம்ம சினிமா குடும்பங்கள் பேசாம பேசின கதை

தமிழ் சினிமாவில் பெத்தவங்களும் பிள்ளைகளும் எப்படிப் பேசிக்கிறாங்க, எப்படிப் பேசாம இருக்காங்க, இதான் இன்னிக்கு விஷயம். ஆனா சினிமாவுக்கு முன்னாடி ஒரு நிஜக் கதை. நான் ரெக்கார்டு பண்ற இந்தத் திருவண்ணாமலையில் நடந்தது.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் வேங்கடராமன்னு ஒரு 16 வயசுப் பையன், அண்ணனோட காலேஜ் ஃபீஸ் அஞ்சு ரூபாயில் மூணை எடுத்துக்கிட்டு, மீதி ரெண்டையும் ஒரு சீட்டையும் வச்சுட்டுக் கிளம்புறான். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு. பின்னாளில் உலகமே ரமண மகரிஷின்னு கூப்பிட்டது இவரைத்தான். தேடிக் கண்டுபிடிச்ச அம்மா அழகம்மாள், 1898 டிசம்பரில் மூத்த மகனோட பவளக்குன்றுக்கு வந்துட்டாங்க. தினமும் வந்து கெஞ்சினாங்க, அழுதாங்க. பையன் வாயே திறக்கலை. பார்த்துக்கிட்டிருந்த ஒருத்தர் மனசு கேக்காம, எழுதியாவது காட்டுங்கன்னு பேப்பரும் பென்சிலும் நீட்டினார். விதிப்படிதான் எல்லாம் நடக்கும், அதனால மௌனமா இருக்கிறதே நல்லதுங்கிற பொருளில் எழுதிக் கொடுத்தார். ஊமைப்படத்து டைட்டில் கார்டு மாதிரி, அழுகைக்கு நடுவில் ஒரே ஒரு அட்டை. அம்மா திரும்பிப் போயிட்டாங்க.

பக்தர்கள் இதை ஞானம்னு சொல்வாங்க. சரி. ஆனா இந்த ஒரு காட்சியில் மட்டும் நான் அந்த அம்மா பக்கம்தான். பேசாம இருக்கிறதும் ஒரு பவர்தான். அது யார் கையில் இருக்குன்னு பார்க்கணும்.

இப்ப சினிமாவுக்கு வருவோம். 1931-ல் 'காளிதாஸ்' மூலமா பேச ஆரம்பிச்ச தமிழ் சினிமா, ரொம்ப நாள் பேச்சை நிறுத்தவே இல்லை. காரணம் சிம்பிள்: கதையும் நடிகர்களும் நாடக மேடையில் இருந்து வந்தாங்க. மேடையில் கடைசி வரிசைக்கும் சோகம் கேட்கணும்ல? 1970-ல் வந்த 'வியட்நாம் வீடு' பாருங்க, அதுவும் நாடகமா இருந்து படமானதுதான். ரிட்டையரான 'பிரஸ்டீஜ்' பத்மநாபனை பிள்ளைகள் மதிக்க மாட்டாங்க. அந்த வலி மொத்தமும் சிவாஜி வாய்வழியாத்தான் நமக்கு வரும். அதில் தப்பில்லை, அன்னிக்கு அதுதான் மொழி.

அந்த மொழியை மாத்தினவங்களில் முக்கியமானவர் பாலு மகேந்திரா. 1988-ல் வந்த 'வீடு' படத்தில் சொக்கலிங்க பாகவதர் தாத்தாவா வருவார். பேத்தி கடன் வாங்கிக் கட்டுற வீட்டைப் பார்க்கத் தனியா போவார். பாதி கட்டின அறைகளில் மெதுவா நடப்பார், சுவரைத் தொட்டுப் பார்ப்பார். வசனம் கிடையாது, இளையராஜா இசை மட்டும். அங்கிருந்து திரும்பும்போது இறந்துபோவார். பேத்திகிட்ட சொல்ல நினைச்சதெல்லாம் அந்தச் சுவர்கிட்ட சொல்லிட்டுப் போன மாதிரி இருக்கும். இதில் வேடிக்கை, பாகவதர் மேடை நாடகத்தில் ஊறினவர்!

1992-ல் 'தேவர் மகன்'. எல்லாரும் அந்த அப்பா-மகன் வாக்குவாதத்தைத்தான் பேசுவாங்க. எனக்கு அதுக்கப்புறம் வருவதுதான் பெருசு. அப்பா செத்த பிறகு நீளமுடியைக் குறைச்சு, மீசையை மாத்தி, வேட்டி கட்டி வந்து நிக்கிறார் கமல். அப்பா கேட்டதுக்குப் பதில் அந்த வேட்டிதான். ஆனா கேட்டவர் உயிரோட இல்லை.

பாலு மகேந்திரா கடைசியா எடுத்தது 'தலைமுறைகள்', 2013. தாத்தாவா அவரே நடிச்சார். வேற மதத்துப் பெண்ணைக் கட்டின மகனோட பேச்சை அறுத்துக்கிட்ட மனுஷன். இங்கே மௌனம் அப்பா கையில், அதுவும் தண்டனையா. அதை உடைக்கிறது யாருன்னா, தமிழே சரியா தெரியாத பேரன். தாத்தாவுக்கு இங்கிலீஷ் வராது. வேற வழியில்லாம இவர் அவனுக்குத் தமிழ் சொல்லித்தர, அவன் இவருக்கு இங்கிலீஷ் சொல்லித்தருவான். மகனோட ஒரே மொழி இருந்தும் பேச முடியாதவர், பேரனோட மொழியே இல்லாம பேசுறார். பெங்களூர்ல வளர்ற அக்கா பசங்க, அண்ணன் பசங்க லீவுக்கு வரும்போது நம்ம வீட்டுத் திண்ணையிலும் இதுதானே நடக்குது? கண்ணா, சாப்டியாங்கிறதைத் தாண்டி தாத்தாக்களுக்கு வார்த்தை கிடைக்கிறதில்லை. படம் வந்த ரெண்டே மாசத்தில், 2014 பிப்ரவரியில், பாலு மகேந்திரா காலமாயிட்டார்.

அழகம்மாள் கதையில் மிச்சம் ஒண்ணு இருக்கு. 1916-ல் அவங்க மறுபடி திருவண்ணாமலை வந்தாங்க, இந்தமுறை மகனோடவே தங்கிட்டாங்க. 1922 மே 19, அம்மாவுக்குக் கடைசி நாள். ரமணர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையை அவங்க நெஞ்சிலும் இன்னொரு கையைத் தலையிலும் வச்சிருந்தார். மணிக்கணக்கா, உயிர் அடங்குற வரைக்கும் எடுக்கவே இல்லை.