வடதிசைச் சோதியும் புத்தளக் கரையும்

2024 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆம், 11 ஆம் திகதிகளில் ஞாயிற்றிலிருந்து எழுந்த பெரும் புயலொன்று பூமியை வந்து தாக்கியது. 2003 ஆம் ஆண்டுக்குப் பின்னர் அவ்வளவு வலிய காந்தப் புயல் பூமியைத் தீண்டியதில்லை. துருவப் பகுதிகளுக்கே உரியதென்று நாம் பாடநூல்களிற் படித்த வடமுனைச் சோதி, அந்த இரவுகளில் ஐரோப்பாவின் தெற்கெல்லைகளிலும் மெக்சிக்கோவிலும் வானத்தைச் சிவப்பாக்கிற்று. இமயத்தின் அப்பால் லடாக்கிலுள்ள ஹான்லே வான்நோக்கு நிலையத்தின் கருவிகளும் வடக்கு அடிவானத்திற் படர்ந்த செவ்வொளியைப் பதிவு செய்தன. இந்தியாவிலேயே தெரிந்ததாமே, நமது நாட்டிலும் தெரியுமா என்ற கேள்வி இதனால் எழுவது இயல்பு.

கேள்வி சிறிதுதான். ஆனால் அதற்கு நேர்மையான விடை சொல்ல முயன்றால், நாம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக் கதையைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வானத்தை யார் பார்த்தார்கள், பார்த்ததை யார் எழுதி வைத்தார்கள், எழுதியவர்களுள் எவருடைய பெயர் நிலைத்தது என்பனவெல்லாம் அக்கதைக்குள் அடங்கும்.

முதலிற் சோதி என்பது யாது என்பதைக் கண்டுகொள்வோம். ஞாயிற்றின் மேற்பரப்பிலே கரும்புள்ளிக் கூட்டங்கள் தோன்றுகின்றன. அவற்றைச் சூழ்ந்த காந்தப் புலம் முறுக்கேறி அறும்போது, மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் பெருந்திரளாக வெளியே வீசப்படுகின்றன. அத்திரள் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் பூமியை அடைகிறது. பூமியோ தானே ஒரு பெருங் காந்தம். வந்த துணிக்கைகளை அது நேரே உள்ளே விடுவதில்லை. தன் விசைக்கோடுகளின் வழியே துருவங்களை நோக்கித் திருப்பி விடுகிறது. அங்கே மேல்வளியிலுள்ள ஒட்சிசனோடும் நைதரசனோடும் அவை மோத, வளி ஒளிர்கிறது. நூறு கிலோமீற்றர் உயரத்தையொட்டி ஒட்சிசன் பச்சையாக ஒளிரும்; இருநூறு கிலோமீற்றருக்கு மேலே சிவப்பாக ஒளிரும். தொலைவில் நிற்பவனுக்குப் பச்சை அடிவானத்தின்கீழ் மறைந்துவிட, உச்சியிலுள்ள சிவப்பு மட்டுமே கண்ணிற் படும். தென்னாடுகளில் இச்சோதியைக் கண்ட மக்கள் எப்போதும் தீயென்றும் குருதியென்றும் அஞ்சியதற்கு இதுவே காரணம்.

உரோமாபுரியின் தைபீரியஸ் மன்னன் காலத்தில் நடந்ததாகச் செனெக்கா என்ற அறிஞர் ஒரு செய்தியைக் கூறியுள்ளார். ஒஸ்தியா என்னும் துறைமுகம் பற்றி எரிகிறதென்று எண்ணிப் படைவீரர் இரவோடிரவாக உதவிக்கு ஓடினர். அங்கே தீயேதும் இல்லை, எரிந்தது வானம். தைபீரியசுக்குப் பின் சில ஆண்டுகளில், குளோடியஸ் மன்னன் காலத்தில், அதே உரோமாபுரிக்கு இலங்கையிலிருந்து தூதர் நால்வர் சென்றனர் என்று பிளினி எழுதுகிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளொக்காமஸ் என்பவனின் ஆள் ஒருவன் காற்றில் அடிபட்டு இலங்கையின் ஹிப்புரோஸ் துறையை அடைந்தானாம். அதன் விளைவே இத்தூது. ஹிப்புரோஸ் என்ற கிரேக்கச் சொல்லில் குதிரை என்னும் பொருள் தொனிப்பதால், அத்துறையைப் புத்தளத்துக்கு வடக்கேயுள்ள குதிரைமலை முனையாகக் கொள்வோர் பலர்.

தூதர் உரோமாபுரியில் வியந்தவை எவை? வடவானின் விண்மீன்கள் புதிய வானத்திற் போலத் தோன்றினவாம். தம் நாட்டில் அகத்திய மீனே இரவுக்கு ஒளி தருகிறதென்றார்களாம். நிழல் வடக்கே விழுவது கண்டு திகைத்தார்களாம். பிளினி சொல்வதில் பிழைகள் உண்டு. அறுமீனை இலங்கையர் கண்டதில்லை என்பது போன்ற கூற்றை நமது கடலோடிகள் கேட்டாற் சிரிப்பார்கள். ஆயினும் ஓர் உண்மை அதில் நிற்கிறது: நிற்கும் இடம் மாறினால் வானம் மாறும். நமது கேள்விக்குரிய விடையின் விதை இங்கேயே இருக்கிறது.

இனி, பதினெட்டு நூற்றாண்டுகளைத் தாண்டி வருவோம். 1859 ஆம் ஆண்டு செப்டெம்பர் 1 ஆம் திகதி, இங்கிலாந்தின் ரெட்ஹில் என்னுமிடத்தில் ரிச்சட் கரிங்டன் ஞாயிற்றின் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திடீரென அப்புள்ளிகளின் மேல் வெள்ளொளி வெடித்ததைக் கண்டார். பதினெட்டு மணி நேரத்துக்குள் பூமியிற் காந்தப் புயல் மூண்டது. கியூபாவிலும் ஹவாய்த் தீவுகளிலும் சோதி தெரிந்தது. அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரத் தந்திப் பணியாளரும் போர்ட்லண்ட் நகரத் தந்திப் பணியாளரும் தம் மின்கலங்களைக் கழற்றி வைத்துவிட்டு, வானம் தந்த மின்னோட்டத்தினாலேயே இரண்டு மணி நேரம் செய்தி பரிமாறினர்.

இப்புயலின் வலிமையை நாம் இன்று அறிவதற்கு உதவிய ஏடு எங்கிருந்து கிடைத்தது? இலண்டனிலிருந்த ஒளிப்படப் பதிவுக் கருவிகளின் கோடு, தாளின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. ஆனால் பம்பாயின் கொலாபா அவதான நிலையத்தில் அத்தகைய தானியங்கிக் கருவிகள் அன்று இல்லை. காந்தவூசியின் நிலையை மனிதர் கண்ணாற் பார்த்துக் கையால் எழுதினர். மணிக்கொரு முறை பார்ப்பது வழக்கம். ஊசி கலங்கினால் கால் மணிக்கொரு முறை, ஐந்து நிமிடத்துக்கொரு முறை. செப்டெம்பர் 2 ஆம் திகதி முற்பகலில் அங்கே காந்தவிசை ஏறத்தாழ 1,600 நனோ தெஸ்லா அளவு வீழ்ந்ததை அவர்கள் குறித்து வைத்தனர். 144 ஆண்டுகள் கழித்து, 2003 இல், குர்பக்ஷ் லகினா முதலிய இந்திய விஞ்ஞானிகளும் அவர்களது வெளிநாட்டுத் தோழர்களும் அந்த ஏடுகளை ஆராய்ந்தே 1859 ஆம் ஆண்டுப் புயலின் அளவை உலகுக்கு எடுத்துரைத்தனர்.

கரிங்டனின் பெயர் அப்புயலுக்குச் சூட்டப்பட்டது, அது தகும். ஆனால் அந்த முற்பகலில், வெளியே பட்டப்பகல் வெயில் எரிய, சோதி எதையுமே காணாமல், ஊசியை மட்டும் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கொரு முறை இலக்கம் எழுதிய கைகளை உலகம் எங்கே நினைக்கிறது? 1857 ஆம் ஆண்டின் பேரெழுச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டு இரண்டாண்டும் ஆகவில்லை; கொம்பனியின் ஆட்சி விக்டோரியா அரசியின் ஆட்சியாக மாறி ஓராண்டும் நிரம்பவில்லை. கொம்பனி அவதான நிலையங்களை நிறுவியது அறிவுத் தாகத்தினால் மட்டுமன்று. திசைகாட்டியின்றிக் கப்பல் இல்லை, கப்பலின்றி வணிகமும் ஆட்சியும் இல்லை. சிம்லாவிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் காந்தவூசிகள் ஆடியது அதற்காகவே. எசமானின் கணக்கேட்டுக்காக எழுதப்பட்ட இலக்கங்கள் இறுதியில் மனிதகுலம் முழுவதற்குமான அறிவாயின. உழைப்புக்கு இந்தக் குணம் உண்டு. அது தன்னை ஏவியவனின் நோக்கத்தையும் கடந்து வாழும்.

பம்பாயில் வானமே சிவந்த நாளும் வந்தது. 1872 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு பம்பாயில் சோதி தெரிந்ததாக அந்நகரப் பத்திரிகை எழுதியது. ஏடனுக்குச் சென்ற கடலடித் தந்திக் கம்பியிலும் கலக்கம் நேர்ந்தது. எகிப்திலும் சூடானிலும் அவ்வொளியைக் கண்டனர். இந்தியத் துணைக்கண்டத்தில் நன்கு பதிவான சோதித் தோற்றங்களுள் இதனிலும் தெற்கே வந்ததாக ஒன்றை நாம் அறியோம்.

பம்பாய் 19 பாகை வடக்கு அகலாங்கையொட்டி இருக்கிறது. புத்தளம் 8 பாகையில். பதினொரு பாகைதானே வேறுபாடு, இன்னும் பெரிய புயல் வந்தால் இங்கும் தெரியாதோ என்று மாணவர் கேட்கலாம். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. 1770 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆம் திகதி, கப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் தீமோர்த் தீவருகே சென்றபோது, அதிலிருந்தோர் தென்வானிற் செவ்வொளி கண்டனர். தீமோர் பூமத்தியரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 10 பாகை. யாழ்ப்பாணம் வடக்கே ஏறக்குறைய 10 பாகை. ஒரே தூரம், ஆனால் ஒரே விதியன்று. சோதி பூமத்தியரேகையைக் கணக்கிற் கொள்வதில்லை. காந்த நடுக்கோட்டையே கணக்கிற் கொள்கிறது. அக்கோட்டிலே காந்தவூசி மேலுஞ் சாயாது கீழுஞ் சாயாது மட்டமாக நிற்கும். தீமோர் அக்கோட்டிலிருந்து வெகுதூரம் விலகிக் கிடக்கிறது. நமது கரையோ அதனை ஒட்டியே கிடக்கிறது. இந்தியாவின் தென்முனையையும் இலங்கையையும் தொட்டுச் செல்லும் அக்கோடு புத்தளத்துக்கு மிக அருகால் ஓடுகிறது. 400 கிலோமீற்றர் உயரத்தில் ஒளிரும் சிவப்பை ஏறத்தாழ 2,200 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து காணலாம். அதற்கு மேல் பூமியின் வளைவு மறைத்துவிடும். ஹான்லே புத்தளத்துக்கு வடக்கே 2,700 கிலோமீற்றருக்கும் அப்பால். அங்கேயே ஒளி அடிவானத்திற் பதுங்கியிருந்தது. ஆகவே 2024 ஆம் ஆண்டின் அந்த இரவில் கற்பிட்டிக் கரையிலோ உடப்பிலோ நின்று விடியும்வரை வடக்கே நோக்கியவன் எவனாயினும் சோதியைக் கண்டிருக்க முடியாது.

அப்படியாயின் இக்கரை ஞாயிற்றின் புயலோடு தொடர்பற்றதா? இல்லை. 1837 இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் திருவனந்தபுரத்தில் வான்நோக்கு நிலையம் அமைத்தார். 1852 இல் அங்கு வந்த ஜோன் அலன் புறூண், 1855 இல் அகத்தியர் மலையின் மேல், 6,000 அடிக்கும் அதிகமான உயரத்தில், காந்த அவதானத்துக்கென ஒரு நிலையம் கட்டினார். காந்த நடுக்கோட்டுக்கு அண்மையிலே, மலையுச்சியிலும் சமவெளியிலும் ஒரே வேளையில் ஊசியைப் பார்க்க வேண்டுமென்பது அவர் நோக்கம். காட்டை வெட்டி வழி திறந்தவர்களும் சுமை சுமந்தவர்களும் இரவு பகலாக இலக்கம் எழுதியவர்களும் உள்ளூர் மக்கள். பூமியின் காந்தவிசை ஓரிடத்திற் கலங்கினால் உலகெங்கும் ஒருங்கே கலங்குகிறது என்பதைக் காட்டிய ஆராய்ச்சிகளுள் புறூணின் ஆராய்ச்சியும் ஒன்று. பிளினியின் தூதர் புகழ்ந்த அகத்திய மீனின் பெயரே தாங்கிய மலையிலிருந்து அந்த அறிவு எழுந்தது.

பின்னர், பெரு நாட்டின் ஹுவன்காயோ அவதான நிலையத்தில் ஒரு புதுமை தெரிந்தது. காந்த நடுக்கோட்டின்மேல், பகல் வேளையில் ஊசியின் ஆட்டம் மற்றெங்கும் இல்லாத அளவு மிகுந்திருந்தது. நூறு கிலோமீற்றர் உயரத்தையொட்டி, ஒடுங்கிய ஓடைபோல மின்னோட்டமொன்று மேற்கிலிருந்து கிழக்கே பாய்வதே அதற்குக் காரணம். 1951 இல் சிட்னி சப்மன் அதற்கு நடுக்கோட்டு மின்தாரை என்று பெயரிட்டார். புத்தளம் உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரும் தொழிலாளியின் தலைக்கு மேலே நாள்தோறும் அத்தாரை ஓடுகிறது. ஞாயிற்றிற் புயல் எழும்போது இதுவும் குழம்பும்.

இத்தாரையை அளப்பதற்காகவே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ஏவுகணை நிலையம் அமைத்தனர். 1963 நவம்பர் 21 ஆம் திகதி மாலை அங்கிருந்து முதலாவது ரொக்கற் கிளம்பி, ஏறத்தாழ 200 கிலோமீற்றர் உயரத்தில் சோடிய ஆவியைக் கக்கியது. வானத்திலே செம்மஞ்சள் முகிலொன்று ஒளிர்ந்தது. முகில் மறைக்காதிருந்தால் நமது கரையிலிருந்தும் காணத்தக்க உயரமே அது. வடதிசைச் சோதியை இயற்கை நமக்கு மறுத்தது. அதற்கீடாக மனிதன் மேற்கு வானில் ஒரு சோதி ஏற்றினான். ஆனால் அந்த நிலையத்துக்காகத் தும்பாவின் மீனவக் குடும்பங்கள் தம் மண்ணைவிட்டு அகன்றன. அவர்களுடைய தேவாலயம் அலுவலகமாயிற்று. விஞ்ஞானத்தின் கணக்கில் இந்தப் பற்றையும் எழுத வேண்டியது நமது கடமை.

புத்தளக் கடலிலே இரவில் வலை விரிக்கும் மீனவன் இன்று செய்மதி காட்டும் சிறு கருவியைக் கொண்டு தன் இடத்தை அறிகிறான். ஞாயிறு மறைந்த பின், காந்த நடுக்கோட்டின் இருமருங்கிலும் மேல்வளியில் வெற்றிடக் குமிழிகள் எழுந்து அச்செய்மதிகளின் சமிக்கையைக் குலைப்பதுண்டு. ஞாயிறு கொந்தளிக்கும் ஆண்டுகளில் இக்குழப்பம் பெருகும். 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மன்னார்க் குடாவிலே கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. கோட்டின் எப்பக்கம் நிற்கிறோம் என்பது ஒரு மீனவனுக்குச் சிறைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம். ஆகவே ஞாயிற்றுப் புயலைப் பற்றிய அறிவு அவனுக்கு வேடிக்கைப் பொருளன்று, உரிமை.

இக்கரையில் வடக்கு நோக்கி நிற்பது புதிதுமன்று. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட 70,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் தஞ்சமடைந்தது புத்தளம் மாவட்டத்திலேதான். கிடுகுக் கொட்டில்களின் வாசலில் நின்று ஆண்டுக் கணக்காக வடக்கைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தத் திசையில் அவர்கள் தேடியது வானத்துச் சோதியை அல்ல. தம் வீட்டு விளக்கை. வடக்கு என்பது காந்தவூசி காட்டும் திசை மட்டுமன்று என்பதை அவர்களுடைய பிள்ளைகளுக்கு எந்த ஆசிரியரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

எனினும் அப்பிள்ளைகள் வகுப்பறையில் எழுந்து, ஐயா, வடமுனைச் சோதி நமது ஊரில் ஏன் தெரிவதில்லை என்று கேட்பார்கள், கேட்க வேண்டும். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை என்று கூறி ஆசிரியர் அவர்களை உட்கார வைத்துவிடலாகாது. நீ நிற்கும் இடம் உலகத்தின் ஒதுக்குப்புறமன்று. பூமியென்னும் காந்தத்தின் நடுவிடம். ஒளி தெரியாத இவ்விடத்தை ஆராயவே உலகத்து விஞ்ஞானிகள் கடல் கடந்து வந்தனர் என்று சொல்ல வேண்டும். ஒரு காந்தவூசியை நூலிற் கட்டித் தொங்கவிட்டு, அது சாயாமல் மட்டமாக நிற்பதைக் காட்ட வேண்டும். கொலாபாவில் பெயரின்றி இலக்கம் எழுதியவர்களைப் போல, அதனை நாள்தோறும் பார்த்து எழுதும் பழக்கத்தை அவர்களுக்கு ஊட்ட வேண்டும். இம்முறை எழுதுகிறவரின் பெயரும் அந்த ஏட்டில் இருக்கட்டும்.