பட்டுப்புழுவின் சாட்சியம்

கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணியைப் பட்டு நகரம் என்றே நாம் அறிந்திருக்கிறோம். தலைமுறை தலைமுறையாகத் தறியோசை கேட்கும் தெருக்கள் அங்கே உண்டு. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, மண மேடைகளிலும் ஆலயத் திருவிழாக்களிலும் தனி மதிப்புடன் விளங்குகிறது. சேலையின் கரையையும் முந்தானையையும் வியந்து பாராட்டும் நாம், நெய்தவரை ஓரளவேனும் நினைக்கிறோம். ஆனால் அந்த நூலைச் சுரந்த சிறு புழுவை நினைப்பவர் நம்முள் எத்தனை பேர்?

அப்புழுவை இங்கே நினைவுகூர ஒரு காரணம் உண்டு. இரசாயன நஞ்சுகளின் கேட்டை உணர்ந்த நாம், வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்திக்கும் கத்தரிக்கும் மல்லிகைக்கும் இயற்கைப் பூச்சிக்கொல்லிகளை நாடத் தொடங்கியுள்ளோம். இது நல்ல மாற்றமே. ஆயினும், "இயற்கையானது, ஆகவே தீங்கற்றது" என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது. இவ்வெண்ணம் எவ்வளவு உண்மை என்று கேட்டால், பட்டுப்புழுவைவிடத் தகுதியான சாட்சி கிடைப்பது அரிது. ஏனெனில் அதுவும் ஒரு பூச்சியினமே. அதுமட்டுமன்று, இன்று நாம் போற்றும் இயற்கைப் பூச்சிக்கொல்லிகள் சில, அதன் நோய்ப்படுக்கையிலிருந்தே பிறந்தன.

துறவியர் கொணர்ந்த முட்டைகள்

பட்டு பிறந்த நாடு சீனா. அதன் மருமம் நெடுங்காலம் காக்கப்பட்டது. கி.பி. 552-ஆம் ஆண்டளவில், பேரரசர் ஜஸ்டீனியன் ஆட்சியில், துறவியர் சிலர் பட்டுப்பூச்சியின் முட்டைகளைக் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். கைத்தடியினுள் மறைத்துக் கொணர்ந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. அங்கிருந்து நூற்றாண்டுகளின் ஓட்டத்தில் இத்தாலிக்கும் பிரான்சுக்கும் பட்டு வளர்ப்பு பரவியது. தென்னாட்டிலோ, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மைசூரில் திப்பு சுல்தான் அதற்கு ஊக்கமளித்தார். ஆரணித் தறிகளுக்கு வந்து சேரும் நூலில் பெரும்பகுதி இன்றும் கன்னட நாட்டிலிருந்தே வருகிறது.

பட்டுப்புழுவின் வாழ்வு குறுகியது. முட்டையிலிருந்து வெளிவந்தது முதல் ஏறக்குறைய நான்கு வாரங்கள் மல்பெரி இலையை மட்டுமே தின்று, நான்கு முறை தோலுரித்து, பின்னர் கூடு கட்டுகிறது. ஒரு கூட்டில் உள்ள இழை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம் வரை இருக்கக்கூடும். மனிதனால் முற்றிலும் பழக்கப்படுத்தப்பட்ட இவ்வுயிர், தானாக இரைதேடவோ பகைவரிடமிருந்து தப்பவோ வல்லமையற்றது. எனவே நோய் வந்தால் கூட்டம் கூட்டமாக மடிகிறது.

லோடி நகரத்துப் பெரியவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் பட்டுப் பண்ணைகளை ஒரு நோய் வாட்டியது. இறந்த புழுக்கள் விறைத்து, சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்துப் போயின. லோடி நகரைச் சேர்ந்த அகஸ்தீனோ பாசி என்பவர் 1807-ஆம் ஆண்டில் இதை ஆராயத் தொடங்கினார். சட்டம் பயின்ற அவர், கண்பார்வை குன்றிய நிலையிலும் கால் நூற்றாண்டுக்கு மேல் அம்முயற்சியைக் கைவிடவில்லை. புழுவின்மீது படர்ந்த வெண்பொடி உயிருள்ள ஒரு பூஞ்சை என்றும், கைகளாலும் கருவிகளாலும் அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுகிறது என்றும் 1835-இல் நூல் வெளியிட்டார். விலங்கு ஒன்றின் நோய்க்கு நுண்ணுயிரே காரணம் என்பது முதன்முதலாக நிறுவப்பட்டது அப்போதுதான்.

அந்தப் பூஞ்சை இன்று அவர் பெயராலேயே 'பியூவேரியா பாசியானா' என்று வழங்குகிறது. வேளாண் மருந்துக் கடைகளில் இயற்கைப் பூச்சிக்கொல்லியாக விற்கப்படும் பொடி இதுவே. இதன் வித்துகள் பூச்சியின் தோலில் ஒட்டி, முளைத்து, உடலைத் துளைத்து உட்புகுந்து கொல்கின்றன. ஒரு காலத்தில் பட்டு வளர்ப்போரைக் கண்ணீர் சிந்த வைத்த கொள்ளைநோய், இன்று உழவரின் கைக்கருவி!

நஞ்சின்றி வென்றவர்

அடுத்த தலைமுறையில் பெப்ரின் என்னும் நோய் பிரான்சின் பட்டுத் தொழிலைச் சீரழித்தது. புழுவின் உடலில் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள் தோன்றும். 1865-இல் தம் ஆசிரியர் டூமாவின் வேண்டுகோளை ஏற்று லூயி பாஸ்டர் அலேஸ் நகருக்குச் சென்றார். அதுவரை அவர் பட்டுப்புழுவை ஆராய்ந்தவர் அல்லர். அந்த ஆய்வுக் காலத்திலேயே தம் தந்தையையும் இரு புதல்வியரையும் இழந்தார். 1868-இல் வாதநோயால் இடப்பக்கம் செயலிழந்தது. எனினும் 1870-இல் தம் முடிவுகளை நூலாக்கினார்.

அவர் காட்டிய வழியில் மருந்தே இல்லை. முட்டையிட்ட தாய்ப் பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நோய்க்கிருமி தென்பட்டால் அதன் முட்டைகளை எரித்துவிட வேண்டும். அவ்வளவே. தாயிடமிருந்து முட்டை வழியாக நோய் பரவுவதை அறிந்தமையால் இவ்வழி பலித்தது. நம் நாட்டுப் பட்டுமுட்டை நிலையங்களிலும் இன்றுவரை தாய்ப் பூச்சிகளை இவ்வாறே சோதிக்கின்றனர்.

ஜப்பானில் ஒரு சாவு

1901-இல் ஜப்பானியர் ஷிகெடானே இஷிவாடா, பட்டுப்புழுக்கள் திடீரெனச் சோர்ந்து மடியும் நோயொன்றை ஆராய்ந்து, அதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டறிந்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1911-இல், ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் பெர்லினர் மாவு ஆலையில் கிடைத்த அந்துப்பூச்சியின் புழுக்களிலும் அத்தகைய பாக்டீரியாவைக் கண்டார். துரிங்கியா மாநிலத்தை நினைவுறுத்தும் வகையில் அதற்கு 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்று பெயரிட்டார். சுருக்கமாகப் 'பி.டி.' என்கிறோம். 1938-இல் பிரான்சில் இது பூச்சிக்கொல்லியாக விற்பனைக்கு வந்தது. 2002-இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியில் இருப்பதும் இந்தப் பாக்டீரியாவின் மரபணுவே.

இது செயற்படும் விதம் வியப்புக்குரியது. பாக்டீரியா உண்டாக்கும் புரதப் படிகம், புழுவின் காரத்தன்மை கொண்ட குடலில் கரைந்து குடற்சுவரைச் சிதைக்கிறது. புழு உண்பதை நிறுத்திச் சில நாள்களில் மடிகிறது. நம் இரைப்பையோ அமிலத்தன்மை கொண்டது. அப்புரதம் பற்றிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. ஆகவே நமக்குத் தீங்கில்லை. ஆனால் காய்ப்புழுவுக்கும் பட்டுப்புழுவுக்கும் இடையே அது வேறுபாடு காண்பதில்லை. இரண்டும் அதற்கு ஒன்றே.

வேம்பும் விலக்கன்று

நம் வீட்டு வாசல் வேம்பின் கதைக்கு வருவோம். தானியக் குதிரில் வேப்பிலை இடுவது நம் முன்னோர் கண்ட வழக்கம். 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பசுமை அனைத்தையும் தின்று தீர்த்தபோது வேம்பு மட்டும் தப்பி நின்றதை ஜெர்மானிய அறிஞர் ஷ்முட்டரர் கண்டார். 1962-இல் டெல்லியில் பிரதான் குழுவினர் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிர்மீது தெளித்தபோது, வெட்டுக்கிளிகள் வந்தமர்ந்தும் தின்னாமல் அகன்றன. 1968-இல் இங்கிலாந்தில் இதன் சாரமான அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்தமைக்க 2007 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கிறது, தோலுரித்தலைத் தடுக்கிறது. நான்கு முறை தோலுரித்து வளரவேண்டிய பட்டுப்புழுவுக்கு இது என்ன செய்யும் என்று விளக்கவும் வேண்டுமோ? புகையிலைச் சாறும் பைரித்ரமும் அவ்வாறே. புகையிலை வயலுக்கு அருகே விளைந்த மல்பெரி இலையே புழுவுக்கு ஆகாது. புழு வளர்க்கும் மனையில் கொசுவர்த்திச் சுருளையும் ஏற்றலாகாது.

மல்பெரித் தோட்டத்தின் விதி

அப்படியானால் மல்பெரியைப் பூச்சி தாக்கினால் என்செய்வது? மருந்தடித்த இலையைக் குறித்த நாள்கள் கழியுமுன் பறித்தால் புழு சாகும். ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பும் வருவாயும் அதனோடு போய்விடும். பட்டு வளர்ப்போர் இந்நெருக்கடியிலேயே வாழப் பழகியவர்கள்.

2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, செம்பருத்தி, மல்பெரி எனப் பலவற்றையும் வெண்படலமாய் மூடியது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட அப்பூச்சிக்கு இங்கே இயல்பான பகைவர் இல்லை. அதன் மெழுகுப் போர்வையில் தெளிப்பு மருந்துகளும் எளிதில் பலிக்கவில்லை. 2010-இல் பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சியியல் பணியகம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றுள் 'அசிரோபேகஸ் பப்பாயே' என்னும், கண்ணுக்கு அரிதாகவே தென்படும் குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அழிப்பதில் முதன்மை பெற்றது. தமிழகமெங்கும் பெருக்கி விடப்பட்ட அக்குளவிகள், ஓராண்டுக்குள் பெரும்பாலான இடங்களில் கொள்ளையை அடக்கின. பட்டுப்புழுவுக்கு அவற்றால் யாதொரு தீங்கும் நேரவில்லை.

பட்டுப்புழுவையே தாக்கும் ஊசி ஈ 1980-இல் கர்நாடகத்தில் நுழைந்தபோதும் இதே பாதையே உதவியது. சன்னல்களுக்கு நைலான் வலை கட்டினர். ஈயின் கூட்டுப்புழுவைத் தின்னும் சிறு குளவியைப் பண்ணைகளில் விட்டனர்.

நாம் பெறும் தெளிவு

இவ்வரலாற்றை நோக்கும்போது நமக்கு ஒன்று புலனாகிறது. இயற்கை என்னும் சொல் ஒரு பொருளின் பிறப்பிடத்தைச் சொல்கிறதேயன்றி, அதன் குணத்தைச் சொல்லவில்லை. எதை, எங்கே, எவ்வளவு, யாருடைய அருகில் என்ற நான்கு வினாக்களையும் கேட்ட பின்னரே அது நன்மையாகிறது. 1984 டிசம்பரில் போபாலில் பூச்சிமருந்து ஆலையின் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டதை நாம் மறக்கவில்லை. அக்கொடிய நஞ்சுகளை விட்டு விலகுவது அறம். ஆயின் விலகிவந்த பின்னும் விழிப்பு தேவை.

எனவே நம் தோட்டத்தில் அசுவினியும் மாவுப்பூச்சியும் தோன்றினால், முதலில் கையால் அகற்றுவோம்; தாக்குண்ட கிளையை வெட்டி அழிப்போம்; நீரை வேகமாகப் பீய்ச்சுவோம். அவற்றைத் தின்னும் பொறிவண்டுகள் இருக்கின்றனவா என்று உற்றுப் பார்ப்போம். இருந்தால் சில நாள்கள் பொறுப்போம். அதற்கும் அடங்காவிடில், ஐம்பது கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். வெயிலில் அதன் வீரியம் குறையும். பகலில் தேனீக்களும் நடமாடும். ஆதலால் மாலை வேளையே ஏற்றது. அருகே எவரேனும் மல்பெரி வளர்த்தால், அவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுத் தெளிப்பது அயலாரன்பின் கடமை.

படைப்பைப் பேணும் பொறுப்பு மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்பது நம் நம்பிக்கை. அப்பொறுப்பு பெரிய பேச்சுகளில் மட்டும் நிறைவேறுவதில்லை. கைத்தெளிப்பானை எடுக்குமுன் ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கும் பொறுமையிலும் அது அடங்கியுள்ளது. ஆரணிச் சேலை ஒன்றை அடுத்தமுறை மடித்து வைக்கும்போது, வாயற்ற அந்தப் புழு நமக்குச் சொல்லிச் சென்றதையும் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.