கரிசல் மண்ணுக்குச் சென்ற உபதேசிமார்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் பூமியின் திருச்சபை வரலாற்றை எழுதப் புகுவோர் 1854ஆம் ஆண்டில் தொடங்குவது வழக்கம். அவ்வாண்டில் ராக்லாண்டு ஐயர் தம் தோழர்களுடன் வடதிருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராகச் செல்லத் தொடங்கினார். இத்தொடக்கம் பிழையானதன்று, ஆனால் குறையுடையது. அவருடன் நடந்த உபதேசிமார் யார், அவர்களை அனுப்பியவர் யார் என்று வினவினால், வரலாறு தெற்கே தேரிக்காட்டுச் சபைகளுக்கும், அங்கிருந்து தஞ்சைக்கும் தரங்கம்பாடிக்கும் நம்மை இட்டுச் செல்லும்.

திருநெல்வேலிச் சீமை ஆங்கிலிக்கன் சங்கங்களின் களமாகவே எண்ணப்படுகிறது. எனினும் அங்கு முதற் சபையைக் கூட்டிய கைகள் லுத்தரன் கைகளே. 1778இல் பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையாருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் சுவார்ட்ஸ் ஐயர். 1780ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் காணப்படுகின்றன. கிளாரிந்தா முன்னின்று கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அச்சபையை நடத்தத் தஞ்சையிலிருந்து அனுப்பப்பட்ட உபதேசியார் சத்தியநாதன், 1790இல் லுத்தரன் முறைமைப்படி குருப்பட்டம் பெற்றார். பட்டம் கொடுத்தவர் லுத்தரன் குரு; ஊதியம் கொடுத்ததோ இலண்டனிலிருந்த ஆங்கிலிக்கன் சங்கமாகிய எஸ்.பி.சி.கே. பேராயர் இல்லாமற் கொடுக்கப்பட்ட அப்பட்டத்தை அச்சங்கம் அன்று மறுக்கவில்லை. சத்தியநாதனின் பிரசங்கத்தை ஆங்கிலத்தில் அச்சிட்டுப் பெருமையும் கொண்டது. பின்னாளில் நேர்ந்ததை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்கும்.

சபை தெற்கே பரவியதேயன்றி வடக்கே பரவவில்லை. வடக்கே கரிசற்காடு பாளையக்காரர் ஆட்சியிலும் போரிலும் சிக்கியிருந்தது. 1799ஆம் ஆண்டில் தேரி மணலில் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்புத் தோன்றியது. அதே ஆண்டு அக்டோபரில் கோவில்பட்டிக்குத் தெற்கேயுள்ள கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஒரே சீமையின் இரு முனைகளும் அன்று எவ்வளவு வேறுபட்டிருந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டா.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயர் பிரஷிய நாட்டு லுத்தரன், சி.எம்.எஸ். சங்கத்தின் ஊழியர். தரங்கம்பாடி மரபிலிருந்து வந்த உபதேசியார் முறையை அவர் விரிவாக்கினார். உபதேசிமாரைத் தவறாது கூட்டிக் கற்பித்து, மீண்டும் தத்தம் ஊர்களுக்கு அனுப்பினார். துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்கு நிலமும் வீடும் வாங்கிக் கொடுப்பதற்கென 1830இல் தர்ம சங்கம் ஏற்பட்டது. வழிபாடு நடத்தவும், பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும், வழக்குத் தீர்க்கவும் ஊருக்கு ஓர் உபதேசியார் இருந்தார். மிஷனெரியோ எப்போதாவது வந்து போகிறவராகவே இருந்தார். சபை தன் காலில் நிற்கக் கற்றது இம்முறையினாலேயே என்பது என் கருத்து.

இந்த உபதேசிமாருக்குக் குருப்பட்டம் கொடுப்பது யார் என்பதே 1835இல் வெடித்த பூசல். லுத்தரன் வழக்கப்படி தாமும் உடன் குருமாருமே கொடுக்கலாம் என்றார் இரேனியுஸ். பேராயர் கையாலன்றி இயலாது என்றது சங்கம். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முறைமைகளைக் கண்டித்து அவர் வெளியிட்ட மதிப்புரை பூசலை முற்றச் செய்தது. அவர் நீக்கப்பட்டார், உபதேசிமார் பலர் அழைக்கவே திரும்பி வந்தார், சபைகள் இரண்டாகப் பிரிந்தன. 1838இல் அவர் மறைந்த பின்னரே பிளவு ஆறத் தொடங்கியது. இப்பூசலில் சங்கத்தின் பக்கம் நின்றவருள் ஒருவர், தரங்கம்பாடி லுத்தரன் சபையில் வளர்ந்த ஜான் தேவசகாயம் ஐயர். அவர் 1830இல் பேராயர் கையால் உதவிக்குருவாகவும், 1836இல் குருவாகவும் பட்டம் பெற்றவர். ஆகவே இதனை ஜெர்மானியருக்கும் ஆங்கிலேயருக்கும் நேர்ந்த சண்டை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

பட்டத்தைப் பற்றிய வழக்கில் லுத்தரன் மரபு தோற்றது. சபை வாழ்க்கையில் அது தோற்கவில்லை. ராக்லாண்டு, பென், மெடோஸ் ஆகிய மூவரும் சிவகாசிப் பக்கம் கூடாரமடித்தபோது, தென்திருநெல்வேலிச் சபைகள் தங்கள் உபதேசிமாரை முறைவைத்து, ஒவ்வொரு மாதத் தவணையாக, தங்கள் செலவிலேயே வடக்கே அனுப்பின. பனையேறிகளும் சிறு வணிகரும் இட்ட காணிக்கையே அச்செலவு. அயல்நாட்டுப் பணத்தில் வளர்ந்த சபை, ஒரு தலைமுறைக்குள், வேறொரு நிலத்துக்குத் தன் ஊழியரை அனுப்பியது.

அவர்கள் கண்ட நிலம் வேறு வகையானது. தேரி மணலில் மழைக்குப் பின்னும் நடக்கலாம். கரிசலிலோ ஐப்பசி மழை விழுந்தால் மண் காலைப் பற்றிக்கொள்ளும், வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். மக்கள் வாழ்வும் வேறு. பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரி ஊர்களில் நிலவுரிமையும் குலமுறையும் ஜமீன் அதிகாரமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒரு குடும்பம் தனித்து நம்பிக்கையை மாற்றுமாயின் கிணறும் களமும் கூலியும் அதற்கு அடைபடும். தெற்கே ஊராக வந்ததுபோல் இங்கே வரவில்லை. மாதத் தவணை முறையும் இடையூறாயிற்று எனத் தோன்றுகிறது: ஊரார் உபதேசியாரின் முகத்தையும் பேச்சையும் அறிந்துகொள்ளும் வேளையில் அவர் திரும்பும் நாள் வந்துவிடும். ராக்லாண்டு 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார். அறுவடை சிறிதே, ஆயினும் சாட்சியாபுரம் போன்ற நிலையங்கள் நிலைத்தன. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையெங்கும் பெருந்திரளானோர் சபைகளைச் சேர்ந்தனர். பசியால் வந்தவர் என்று அவர்களை எளிதில் ஒதுக்குவோர், துயர்க்காலத்தில் தம்மிடம் வந்து நின்றவர் யார் என்று அம்மக்கள் பார்த்திருப்பர் என்பதையும் எண்ண வேண்டும்.

அனுப்பும் பழக்கம் வடதிருநெல்வேலியோடு நிற்கவில்லை. 1903இல் அசரியா முதலானோர் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தமிழ்ச் சபைகளின் பணத்தைக்கொண்டு தமிழ் ஊழியரைத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு அனுப்பினர்.

1835இன் வழக்கோ முற்றுப்பெறவில்லை. 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, 1947இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையில் சேரவில்லை. பின்னர் இரு திருச்சபையாரும் ஆண்டுக்கணக்கில் நடத்திய உரையாடல்களில், பேராயர் பதவியும் குருத்துவமும் மீண்டும் மீண்டும் விவாதிக்கப்பட்டன. இணைப்பு கைகூடவில்லை. ஆயினும் 1969இல் மதுரை அரசரடியில் அமைந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இரு திருச்சபைகளின் மாணவரும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். படிப்பு முடிந்ததும் ஒரு சாரார் ஒரு திருச்சபையிலும், மறு சாரார் மற்றொரு திருச்சபையிலும் பட்டம் பெறச் சென்றனர்.